மதியத்துக்கு மேல் வேலை தேடக் கூடாது

ஜூன் 2, திங்கள்

இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். வேலை தேடுவதும் ஒரு வேலைதான். அதை லுங்கியோடு செய்யக் கூடாது. செல்வநாயகி சாம்பார்ப் பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்குள்ள ஷூ எதுக்குங்க?"

ஷூ இல்லாமல் எனக்குப் பேச்சு வராது என்று விளக்கினேன். சரி, சாம்பாரை எங்கே வைப்பது என்று கேட்டாள். மேஜை ஓரத்தில் ஒரு முழ இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

பம்ப் கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசியாகக் கொள்முதல் மேலாளர். வாஷரிலிருந்து மோட்டார் வரை நான் கையெழுத்துப் போடாமல் எதுவும் கம்பெனி கேட்டுக்குள் வராது. கம்பெனியைப் புனேக்காரர்கள் வாங்கினார்கள். இனிமேல் எல்லாவற்றையும் அங்கிருந்தே வாங்கிக்கொள்வார்களாம். போன வெள்ளிக்கிழமை டீ, கேக், ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார்கள். என் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. அதை வாங்கியது புனே.

இந்த நாட்குறிப்பு செல்வநாயகியின் யோசனை. சாப்பிடும்போதெல்லாம் என் திட்டங்களை அவளிடம் விவரித்துவந்தேன். நேற்று, "இதையெல்லாம் எழுதி வைங்க, நான் பொறவு படிச்சுக்கறேன்" என்றாள். என் அனுபவம் ஆவணமாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருப்பதில் மகிழ்ச்சி.

இலக்கு: ஆடி பிறப்பதற்குள் வேலை. ஆடியில் யாரும் ஆள் எடுக்க மாட்டார்கள்.

ஜூன் 6, வெள்ளி

இந்த வாரம் இருக்கிற கம்பெனிகளுக்கெல்லாம் விண்ணப்பித்தாயிற்று. சென்னைக் கம்பெனி ஒன்று, என் விண்ணப்பத்தை ஆழ்ந்து பரிசீலித்ததாகவும் வருந்துவதாகவும் ஒரே நிமிடத்தில் பதில் போட்டது. ஒரே நிமிடத்தில் ஆழ்ந்து பரிசீலிக்கும் இடம்! இப்படிப்பட்ட வேகமுள்ளவர்களோடுதான் வேலை செய்ய வேண்டும். மறுபடியும் விண்ணப்பித்தேன்.

ஜூன் 19, வியாழன்

முதல் தொலைபேசி நேர்காணல். பெங்களூரிலிருந்து ஒரு பெண். குரலை வைத்துப் பார்த்தால் என் மகள் நித்திலாவுக்கு அக்காவாக இருக்கலாம். ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் என்றேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றாள். சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்வேன் என்றேன்.

பக்கத்து அறையில் பிளஸ் டூ பாடம் படித்துக்கொண்டிருந்த நித்திலா புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கேள்விக்குத் தலைமைப் பண்பு பற்றிப் பேச வேண்டுமாம். கேள்வியில் அது இல்லையே.

ஜூலை 1, செவ்வாய்

விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மற்றவர்கள் எழுவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். களைப்பு துளியும் இல்லை. இடது கண் இமை மட்டும் துடிக்கிறது. செல்வநாயகி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். மதியம் ஒரு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருவாள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் ஊசி குத்தத் தோன்றும். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றாள். இமைக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றேன்.

இந்த மாதத்திலிருந்து அவள் காலையிலும் போகிறாள். வீடு வீடாகப் போய், வயதானவர்களுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிற வேலை. ஸ்கூட்டரில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குத் திரும்பி வந்து சமைக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். காலைக் காற்று நன்றாக இருக்கிறது என்றாள். வீட்டில் ஒருத்தராவது உடம்பைப் பார்த்துக்கொள்வது நல்லதுதான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. பரவாயில்லை, இலக்கை ஆவணிக்கு மாற்றியிருக்கிறேன்.

கொள்முதல் பதவிகள் தீர்ந்துபோனதால் வட்டத்தை விரிவாக்கிவிட்டேன். 'நிர்வாகம்' என்ற சொல் எங்கே தென்பட்டாலும் விண்ணப்பம் போகிறது. முழு விளம்பரத்தையும் படித்துக்கொண்டிருந்தால் வேகம் குறையும். கடிதமும் ஒன்றே ஒன்றுதான். கம்பெனி என்ன செய்கிறதோ அந்தச் சொல்லை மட்டும் மாற்றிப் போடுவேன்.

இன்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, தெய்வசிகாமணி மேடத்திடம் பேச வேண்டும் என்றார். நான்தான் என்றேன். அது பெண்கள் விடுதி. வார்டன் வேலை. "பெண்களோட பாதுகாப்பே என் மூச்சுன்னு எழுதியிருந்தீங்களே சார், அதான் கூப்பிட்டோம்" என்று வருத்தத்தோடு சொல்லி வைத்துவிட்டார்.

நித்திலா நான் அனுப்பியவற்றையெல்லாம் திறந்து படித்தாள். மாட்டுத் தீவனமே என் மூச்சு. செயற்கைப் பல்லே என் மூச்சு. ஒரு வில்லங்கமான இடத்தில் கொசுவத்தியே என் மூச்சு.

"அப்பா, மொத்தம் உங்களுக்கு எத்தனை மூச்சு?" என்றாள்.

சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். போகும்போது என் தோளை ஏன் தட்டிவிட்டுப் போனாள் என்று தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

உழவர் சந்தையில் பெனடிக்ட்டைப் பார்த்தேன். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர், என்னோடு அதே நாளில் கடிகாரம் வாங்கியவர். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு இரண்டே இரண்டு விண்ணப்பம்தான் போடுகிறாராம். மிச்ச நேரத்தில் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறாராம்.

"ஆகறப்ப ஆகும் சார். ஓடி ஓடி என்ன பண்ண?" என்றார்.

அவர் மனைவி ரோஸ்லின் மஸ்கட்டில் நர்ஸ். பெண்டாட்டி சம்பாதிக்கிறாள் என்ற தைரியத்தில் சிலருக்குப் பொறுப்பு விட்டுப்போகிறது. நினைத்தாலே வேதனையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அடுப்பில் ஒரு பர்னர் சரியாக எரியவில்லை. செல்வநாயகி வழக்கமாக வரும் ஆளைக் கூப்பிடப் போனாள். நான் தடுத்து, மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டேன். மூன்றையும் ஒப்பிட்டு, மூவரோடும் இரண்டாம் சுற்றுப் பேச்சுவார்த்தை நடத்தினேன். மூவரும் வரவில்லை. திங்களிலிருந்து வீட்டில் ஒற்றை அடுப்புச் சமையல். இன்று செல்வநாயகியோடு சிறு கருத்துப் பரிமாற்றம். அதில் என் பங்கு குறைவு. வழக்கமான ஆள் வந்து, ஊதிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அரசூர்ப் பக்கம் பெரிய மோட்டார் கம்பெனி. கொள்முதல் மேலாளர் பதவி. எனக்காகவே தைத்த சட்டை மாதிரி. பத்து நாளாகத் தயார் செய்தேன். அவர்கள் வரலாறு, போட்டியாளர் வரலாறு, செம்பு விலை, இரும்பு விலை எல்லாம் தலையில் இருந்தன. நேற்று படுக்கவில்லை, படுத்தால் மறந்துவிடும்.

காத்திருக்கும் அறையில் ஏ.சி. நன்றாக இருந்தது. யாரோ என் தோளை உலுக்கி, மூன்று தரம் கூப்பிட்டுவிட்டோம் என்றார்கள். உள்ளே போனேன். ஏன் எங்களிடம் வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கம்பெனியின் நிறுவனர் சைக்கிளில் போய் மோட்டார் விற்ற காலத்திலிருந்து ஆரம்பித்து, கண்ணில் நீர் வராத குறையாகப் பேசினேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் நடுவில் இருந்தவர், "அருமையாச் சொன்னீங்க சார். ஆனா அது அவங்க கம்பெனி. நாங்க எதிர்த்தாப்புல இருக்கறவங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினேன். மேலே போகாமல் கொஞ்ச நேரம் காரிலேயே இருந்தேன். வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டும்போது பொழுது சாய்ந்திருந்தது. என்ன சார், கண்ணு செவந்திருக்கு என்றார். அரசூர் ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது, ஒரே தூசி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தூங்கினேன்.

ஆகஸ்ட் 23, சனி

தூங்கினேன். லேப்டாப்பைத் திறக்கவில்லை. கை வரவில்லை என்பதல்ல, அதில் சார்ஜ் இல்லை. சார்ஜர் பக்கத்தில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

செல்வநாயகி ரத்தம் எடுத்துவிட்டாள். நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் தெரியும். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"பாருங்க. இது ஒரு மாசத்துல முடியற காரியம் இல்ல. ஆறு மாசமோ வருசமோ ஆகட்டும். ஆனா அது வரைக்கும் நீங்க மனுசனா மிச்சம் இருக்கோணும்."

இன்று முதல் நடைமுறை இது. லேப்டாப் இனி அவள் பையில்தான் இருக்கும். காலை ஒன்பதுக்கு என் கைக்கு வரும். மதியம் அவள் லேபுக்குக் கிளம்பும்போது அதுவும் கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. முழுதாகப் படித்துப் பார்த்து, உண்மையாகவே பொருந்துகிற வேலைக்கு மட்டும் விண்ணப்பம். போனில் இருந்த வேலைச் செயலிகளை நித்திலா எடுத்துவிட்டாள். உற்பத்தி பாதிக்கும் என்று என் ஆட்சேபத்தைப் பதிவு செய்தேன்.

"உற்பத்தி பூரா ரிஜெக்ட் ஆகுதல்லங்க" என்றாள்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. வைட்டமின் ஏதோ குறைவாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மதியம் இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது. கம்பெனியில் அது டீயோடு முடிந்துவிடும்.

செப்டம்பர் 11, வியாழன்

மூன்று மணிக்குச் சும்மா நடந்துபோனேன். கால் தானாக பிரவுசிங் சென்டருக்குள் போனது. கடைக்காரர் எழுந்து நின்று, "அக்கா முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க சார். ஜெராக்ஸ் வேணும்னா எடுத்துத் தர்றேன்" என்றார். வெறும் கையோடு வெளியேறக் கூச்சமாக இருந்ததால் ஆதார் அட்டையை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 20, சனி

பெனடிக்ட் வந்து கையோடு அழைத்துப் போனார். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இப்போதே ஒத்திகை தொடங்கிவிட்டார்களாம். அடித்தொண்டையில் பாட ஆள் இல்லையாம். கம்பெனியில் நான் லாரிக்காரர்களைக் கூப்பிடும் சத்தம் அவருக்கு நினைவிருந்திருக்கிறது. மருதமலைக்கு மாதம் தவறாமல் போகிறவன் சர்ச்சில் பாடலாமா என்று செல்வநாயகியிடம் கேட்டேன். மதியத்தில் நீங்கள் எங்கே போய்ப் பாடினாலும் முருகன் சந்தோஷப்படுவார் என்றாள்.

பாட்டு சொல்லித்தருவது ஸ்டெல்லா டீச்சர். ஒல்லியான உருவம், சிரிக்காத முகம். முதல் வரியை நான் எடுத்ததும் முன் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் வரியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"முதல் வரிக்கே மூச்சு பூரா கொட்டிட்டீங்க சார். பாட்டு நாலு பக்கம் இருக்கு."

நாலு பக்கம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 8, புதன்

ஒத்திகை இடைவேளையில் பெனடிக்ட்டைக் காணவில்லை. போன வாரமும் இப்படித்தான் மறைந்தார். தேடிக்கொண்டு போனால், சர்ச்சுக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறையில் நிற்கிறார். பழைய கம்பெனி யூனிஃபார்ம் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. ஜெனரேட்டர் தடதடவென்று ஓடுகிறது. வீடியோ காலில் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, "சத்தமா இருக்கும்மா, புது லாட் ஓடிட்டிருக்கு, வைக்கறேன்" என்று கத்தினார்.

என்னைப் பார்த்ததும் அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். ரோஸ்லினுக்கு இன்னும் சொல்லவில்லையாம். சொன்னால் அங்கே தனியாக இருந்துகொண்டு அழுவாளாம், இல்லாவிட்டால் இவருக்குத் துணையாக வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாளாம். எனவே தினமும் அவளுடைய ஓய்வு நேரத்தில் இவர் ஃபேக்டரிக்குப் போகிறார்.

அப்படியானால் வாரத்துக்கு இரண்டு விண்ணப்பம் என்ன கணக்கு என்று கேட்டேன்.

"ஒவ்வொண்ணுக்கும் இல்லேன்னு பதில் வந்தா ரெண்டு நாள் சோறு இறங்கறதில்ல சார். அதுக்கு மேல தாங்காது."

நான் அவரைப் பற்றி ஜூலையில் எழுதியதை இங்கே திருத்த விரும்பவில்லை. எழுதியது எழுதியதாக இருக்கட்டும். பேக்கரிக்குக் கூட்டிப் போய் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. செல்வநாயகி முறுக்கு அச்சைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். மாவு காய்ந்துபோகிறது என்று எழுப்பினேன். நோம்பி என்றாலே பெண்களுக்கு வேலை கூடிவிடுகிறது. நித்திலா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மிச்ச முறுக்கை நான் பிழிந்தேன். ஒன்றும் முறுக்கு மாதிரி இல்லை, ஆனால் ருசி அதேதான்.

நவம்பர் 12, புதன்

கிணத்துக்கடவில் வால்வு கம்பெனி. போன வாரம் போட்ட மூன்றில் ஒன்று. பதவி முன்பைவிட ஒரு படி கீழே. முதல் சுற்று முடிந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். முந்தின நாள் நன்றாகத் தூங்கியிருந்தேன். எதிரே உட்கார்ந்திருப்பது எந்தக் கம்பெனி என்று தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு மணி நேரம் வேலை, பிறகு ஓய்வு, பிறகு இன்னும் கொஞ்சம் வேலை என்று பழகியதில் ஒரு சங்கடம்: செல்வநாயகி சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை அவள் எப்போது படிப்பாள் என்று தெரியாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 13, சனி

ரோஸ்லின் விடுமுறையில் வந்துவிட்டார். விமான நிலையத்துக்குப் போக பெனடிக்ட்டுக்குத் தனியாகத் தைரியம் இல்லை. நான் காரை ஓட்டினேன். வழியெல்லாம், லீவு போட்டிருக்கிறேன் என்று சொல்லட்டுமா, இல்லை உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். உண்மையே சுலபம், அதற்கு ஜெனரேட்டர் தேவையில்லை என்றேன்.

ரோஸ்லின் பின் சீட்டில் உட்கார்ந்தார். சிட்ரா பஸ் நிறுத்தம் தாண்டுவதற்குள் பெனடிக்ட் முன் சீட்டிலிருந்து திரும்பாமலேயே சொல்லிவிட்டார். எனக்கு ரோட்டைத் தவிர எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"தெரியும்" என்றார் ரோஸ்லின். பிறகு என்னிடம், "நாலு மாசமா அந்தச் சட்டைக் காலர் கிழிஞ்சு தொங்குது அண்ணா. வருசா வருசம் ஜூலைல புதுச் சட்டை குடுக்கற கம்பெனி. அப்பவே புரிஞ்சுது. இவரா எப்பச் சொல்றாருன்னு பாத்துட்டு இருந்தேன்."

தெரிந்துகொண்டே தினமும் இன்று எத்தனை பம்ப் ஆச்சு என்று கேட்டிருக்கிறார். இவரும் தினமும் ஒரு எண்ணிக்கை சொல்லியிருக்கிறார். போகப் போக உற்பத்தி ஏறிக்கொண்டே போனதாம். செப்டம்பரில் அவர் சொன்ன கணக்குக்கு இந்தியாவில் அவ்வளவு கிணறு கிடையாது என்றார் ரோஸ்லின். பெனடிக்ட் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டி ஹோப் காலேஜ் சிக்னலில் நின்றது. பச்சை விழுந்தும் நான் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுத்தேன்.

டிசம்பர் 20, சனி

இன்று கேரல் ரவுண்ட்ஸ். பொழுது சாயும்போது வேனில் கிளம்பி, சர்ச்சைச் சேர்ந்தவர்கள் வீட்டுக்கு வீடு போய்ப் பாடினோம். என் குரலைப் பற்றி இப்போது யாரும் குறை சொல்வதில்லை. எல்லாரும் முடித்த பிறகு நான் மட்டும் ஒரு நொடி தொடர்கிறேன் என்பதைத் தவிர.

சாயிபாபா காலனியில் ஒரு வயதான தம்பதி. பாடி முடித்ததும் கேக்கும் இஞ்சி டீயும் கொடுத்தார்கள். பெரியவர் தன் சர்க்கரையைப் பற்றிப் பேசினார். வாராவாரம் ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம். கை வைத்ததே தெரியாதாம்.

"பாவம், ரெண்டு வாரம் முந்தி ஒரு நாள், நான் கண்ணாடி எடுக்க உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள இந்த சோபாவிலேயே உக்காந்தபடிக்குத் தூங்கிருச்சு. கையில ஊசி அப்படியே இருக்குது. எழுப்ப மனசு வரல. நாயகின்னு பேரு."

அந்த அம்மா சேர்த்துச் சொன்னார்: "எழுந்ததும் ஒரே அழுகை. வீட்ல சொல்லிராதீங்கன்னு. எங்களுக்கு அவுங்க வீடே தெரியாது, யார்ட்டப் போய்ச் சொல்றது?"

எல்லாரும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் அந்த சோபாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை நிறம், மரக் கைப்பிடி. என் மனைவிதான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். டீக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு அடுத்த வீடுகளில் அடிக்குரல் இல்லாமலேயே பாடினார்கள்.

டிசம்பர் 21, ஞாயிறு

கேட்டேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை அவள்.

"என்ன பண்ணச் சொல்றீங்க? ஒருத்தர் விழுந்து எழுந்திருக்கறப்ப இன்னொருத்தரும் விழுந்தா நித்திலா யாரைப் பாப்பா?"

காலைக் காற்று நன்றாக இருக்கிறது என்றாயே என்றேன்.

"நீங்க அதை நம்புவீங்கன்னு நானே நினைக்கலைங்க" என்றாள்.

அப்படியானால் உனக்கும் அதே விதிதான், நாளை முதல் காலை வேலை வேண்டாம் என்றேன். எனக்கு வேலை கிடைக்கும் வரை நிறுத்த முடியாது என்றாள். நான் குரலை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை. கடைசியில் அவள் பிடித்ததே நின்றது. ஆனால் நானும் ஒன்று பிடித்துக்கொண்டேன்: ஸ்கூட்டரை நான்தான் ஓட்டுவேன். மத்தியானச் சமையலும் இனி என்னுடையது.

டிசம்பர் 23, செவ்வாய்

ஆறு மணிக்குக் கிளம்பினோம். குளிர். செல்வநாயகி பின்னால் உட்கார்ந்து ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். லாலி ரோட்டைத் தாண்டுவதற்குள் அவள் தலை என் முதுகில் சாய்ந்துவிட்டது. தூங்குகிறாள். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். திருப்பிச் சொல்ல நல்ல வார்த்தை இருந்தது. அவள் எழுந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வீட்டில் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். நான் டிரைவர் மட்டும்தான் என்றேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். சொல்லப்போனால் காலைக் காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்கூட்டரில் இவள் இத்தனை மாதம் தனியாகப் போயிருக்கிறாள். தூக்கம் வந்த நாளில் எங்கே சாய்ந்தாள் என்று யோசிக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

வால்வு கம்பெனியில் கடைசிச் சுற்று. ஃபேக்டரித் தலைவர் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஏழு மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நித்திலா எனக்கு ஆங்கிலத்தில் நல்ல பதில் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தாள். அது நினைவுக்கு வரவில்லை.

முதல் மூன்று மாதம் பைத்தியம் மாதிரி விண்ணப்பம் போட்டேன் என்றேன். ஒரு பெண்கள் விடுதியிலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். பிறகு உடம்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு காலையில் மட்டும் தேடினேன், மதியம் பாடினேன், இப்போது விடியற்காலையில் மனைவிக்கு வண்டி ஓட்டுகிறேன்.

விடுதிக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு செம்பு விலைக்கு வந்தோம். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது.

காலையில் வால்வு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். சம்பளம் பழையதைவிடக் குறைவு, எதிர்பார்த்ததுதான். நாளைக்கே சேர முடியுமா என்று கேட்டார்கள். ஜூனில் கேட்டிருந்தால் போனைக் கையில் வைத்துக்கொண்டே கிணத்துக்கடவுக்கு ஓடியிருப்பேன். பொங்கல் நோம்பி முடிந்து வருகிறேன் என்றேன். அவசரமாக ஆள் தேவைப்படுகிறதே என்று இழுத்தார்கள். வீட்டில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் வர முடியும் என்றேன். சரி என்றார்கள்.

செல்வநாயகி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன முக்கியமான வேலை என்றாள். நீ லீவு எழுதிக் கொடு என்றேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கால்களை நீட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பெனடிக்ட்டுக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் வாழ்த்தினார். அவருக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனால் இப்போது இல்லை என்று பதில் வந்தால் ரோஸ்லின் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்துப் பிழை எண்ணுகிறாராம். சோறு இறங்குகிறதாம். மதிய ஒத்திகைக்கு இனி வர முடியாதே என்று அவர்தான் கவலைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

செல்வநாயகியின் விடுமுறையில் முதல் நாள்.

எட்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன், தூங்குகிறாள். பதினொன்றுக்கும் தூங்குகிறாள். குக்கர் விசில் அடிக்குமே என்று பயந்து சோற்றை வடித்தேன். காய்கறி வண்டிக்காரரை மாடிப்படியிலிருந்தே சைகை காட்டி அனுப்பினேன். லேபிலிருந்து போன் வந்தது. ஏதோ ரிப்போர்ட் சந்தேகமாம், மேடம் ஒரு நிமிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். எப்போது எழுந்திருப்பார் என்றார்கள். எனக்கும் தெரியாதுங்க என்றேன். இந்த வீட்டில் இத்தனை சந்தோஷமாக நான் எந்தப் பதிலும் சொன்னதில்லை.

நித்திலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு பேரும் சமையலறையில் நின்றபடி, ஒரு வார்த்தை பேசாமல் ரசம் சாதம் சாப்பிட்டோம். அவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்க பால்கனிக்கு ஓடினாள்.

நாலரை மணிக்குச் செல்வநாயகி எழுந்து வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு. தலை கலைந்திருந்தது. ஹால் நடுவில் நின்று ஜன்னல் வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு என்னங்க கிழமை?"

வியாழன் என்றேன்.

"ஏனுங்க எழுப்பல?"

ஏதோ பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் அதற்குள் கொட்டாவி விட்டாள்.

"சரி, இன்னும் சித்தெ நேரம் படுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.